82 எதன் அளவு?

போன மாதம் ஒரு தாய் மகனையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையோரக் குடும்பம். தகப்பன் கரைவலைக்குப் போகிறவர். பையனுக்குப் பதினொரு வயது. தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறுவதற்கான வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை. அந்தக் கவலை ஆறுவதற்குள் பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவன் போனில் ஏதோ ஐ.க்யூ. சோதனையை, அதாவது நுண்ணறிவுச் சோதனையை, இறக்கிக் கொடுத்திருக்கிறான். இவனும் இருபது நிமிடம் தட்டியிருக்கிறான். கடைசியில் திரையில் 82 என்று வந்ததாம். தாய் அதைப் படம் பிடித்து வைத்திருந்தார்.

"சேர், இவனுக்குப் படிப்பு ஏறாது எண்டுதானே இது சொல்லுது?" என்று கேட்டார். பையன் வாசற்படியில் நின்று பெருவிரலால் மணலைக் கீறிக்கொண்டிருந்தான்.

ஏறும் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது அந்தத் தாய்க்கு மட்டுமல்ல, திருமலையில் தரம் ஐந்துப் பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கதை பாரிஸில் தொடங்குகிறது. பிரான்சில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று சட்டம் வந்த பிறகு ஒரு சிக்கல் எழுந்தது. சில பிள்ளைகளுக்குச் சாதாரண வகுப்பில் பாடம் பிடிபடவில்லை. அவர்கள் யார், அவர்களுக்கு எப்படிப்பட்ட உதவி தேவை என்று கண்டுபிடிக்க 1904இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. அந்த வேலையில் ஈடுபட்ட உளவியலாளர் அல்ஃபிரட் பினே, தியோடோர் சிமோன் என்பவரோடு சேர்ந்து 1905இல் ஒரு சோதனையை வெளியிட்டார். மொத்தம் முப்பது பணிகள். எரிகிற தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்வதில் தொடங்கி, படத்தில் உள்ள பொருளின் பெயரைச் சொல்வது, எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது என்று போய், கடினமான சொற்களுக்கு விளக்கம் சொல்வதில் முடியும். 1908இல் அதைத் திருத்தியபோது 'உள வயது' என்ற யோசனை வந்தது. பெரும்பாலான எட்டு வயதுப் பிள்ளைகள் செய்யக்கூடிய பணிகளை ஒரு பிள்ளை செய்து முடித்தால் அதன் உள வயது எட்டு. அவ்வளவுதான்.

பினேயைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒருவரின் நுண்ணறிவு கூட்டவே முடியாத நிலையான அளவு என்று சொன்னவர்களை அவர் 1909இலேயே கடுமையாக எதிர்த்து எழுதினார். பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கவனம், நினைவாற்றல் இரண்டையும் வளர்க்கும் பயிற்சிகளை வகுத்துக் கொடுத்தார். யாருக்குக் கை கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே அவர் அந்தச் சோதனையைச் செய்தார். 1911இல் அவர் இறந்துபோனார். சோதனை அவர் கையைவிட்டு வெளியே போனது.

1912இல் ஜேர்மனியின் வில்லியம் ஸ்டேர்ன், உள வயதை உண்மை வயதால் வகுத்தார். பத்து வயதுப் பிள்ளையின் உள வயது எட்டு என்றால் விடை 0.8. அமெரிக்காவின் லூயிஸ் டேர்மன் 1916இல் அதை நூறால் பெருக்கி 80 ஆக்கினார். ஐ.க்யூ.வை நாங்கள் தமிழில் நுண்ணறிவு ஈவு என்று சொல்வது இதனால்தான். ஈவு என்றால் வகுத்தால் வருகிற விடை. ஆனால் இந்த வகுத்தல் பிள்ளைகளோடு நின்றுவிடும். நாற்பது வயது மனிதருக்கு உள வயது இருபது என்றால் அவருடைய ஈவு 50 என்றாகும். அதில் எந்த அர்த்தமும் இல்லை.

டேவிட் வெக்ஸ்லர் 1939இல் வெளியிட்ட சோதனையில் வகுத்தலைக் கைவிட்டார். இன்று உலகில் அதிகம் பாவிக்கப்படும் சோதனைகள் அவர் வழியில் வந்தவைதான். ஒரே வயதுள்ள பெருந்தொகையானவர்களுக்கு முதலில் சோதனையைக் கொடுப்பார்கள். அவர்களுடைய சராசரியை 100 என்று வைப்பார்கள். புள்ளிகள் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று காட்டும் நியம விலகலை 15 என்று வைப்பார்கள். அப்படிப் பார்த்தால் நூறு பேரில் ஏறக்குறைய 68 பேர் 85க்கும் 115க்கும் இடையில் இருப்பார்கள்; 70க்கும் 130க்கும் இடையில் 95 பேர். ஆக இன்றைய நுண்ணறிவு ஈவு ஈவே இல்லை. அது வரிசையில் ஓர் இடம். 82 என்று ஒரு முறையான சோதனையில் வந்தால், தன் வயதுக்காரர் நூறு பேரை வரிசையில் நிறுத்தும்போது பன்னிரண்டு பேர் அளவில் தனக்குக் கீழே நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

இங்கேதான் அந்தத் தாயிடம் நான் முதலில் கேட்ட கேள்வி வருகிறது. எந்த நூறு பேர்?

வரிசை என்றால் யாரோ நிற்க வேண்டும். போனில் வந்த அந்தச் சோதனை இந்தப் பிள்ளையை யாரோடு ஒப்பிட்டது என்று அதில் ஓரிடத்திலும் எழுதியிருக்கவில்லை. கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தன. பையன் படங்களைப் பார்த்து ஊகித்துத் தட்டியிருக்கிறான். முறையான சோதனை என்றால், பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவர் பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து, பிள்ளைக்குப் புரிகிற மொழியில், ஒரு மணித்தியாலம் அளவில் எடுத்துச் செய்வார். பிள்ளைக்குக் களைப்பா, பயமா, காது சரியாகக் கேட்கிறதா என்றும் பார்ப்பார். அப்படிச் செய்தாலும் கிடைக்கிற எண் ஐந்தாறு புள்ளி இப்படியோ அப்படியோ இருக்கலாம் என்று சேர்த்தே எழுதுவார். திரையில் வந்த 82க்கு இவை ஒன்றுமே இல்லை. அது ஒரு விளையாட்டு முடிந்ததும் வருகிற புள்ளி.

சரி, முறையான சோதனை எதை அளக்கிறது? இந்த இடத்தில் உளவியலாளர்களுக்குள்ளேயே நூறு வருடச் சண்டை நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் சார்ல்ஸ் ஸ்பியர்மன் 1904இல் பள்ளிப் பிள்ளைகளின் புள்ளிகளைப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார். ஒரு பாடத்தில் கெட்டிக்காரனாக இருக்கிற பிள்ளை மற்றப் பாடங்களிலும் கெட்டிக்காரனாக இருக்கும் வாய்ப்புக் கூட. கணக்கு, மொழி, இசைச் சுரத்தைப் பிரித்தறிவது என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரிவனவும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. இதற்குப் பின்னால் பொதுவான ஓர் ஆற்றல் இருக்கிறது என்றார். அதைப் பொதுக்காரணி என்கிறோம். அவர் கண்ட அந்தப் போக்கு இன்றுவரை பொய்க்கவில்லை. எந்த நாட்டில் எத்தனை சோதனை கொடுத்தாலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் போக்கு உண்மை என்பதால் மூளைக்குள் அப்படி ஒரு தனிப்பொருள் இருக்கிறது என்று ஆகிவிடாது. பல சின்னச் சின்ன ஆற்றல்கள் ஒவ்வொரு பணியிலும் வெவ்வேறு விதமாகக் கலந்தாலும் இதே போக்கு வரும் என்று கொட்ஃபிரி தொம்சன் 1916இல் கணிதத்தாலேயே காட்டினார்.

அமெரிக்காவின் தேர்ஸ்டன் 1938இல் ஒன்றுக்குப் பதிலாக ஏழு அடிப்படை ஆற்றல்கள் என்றார். பிறகு ரேமண்ட் கட்டெல் இரண்டாகப் பிரித்தார். எனக்கு எங்கள் கடலோடிகளை நினைத்தால் இந்தப் பிரிவு சுலபமாக விளங்குகிறது. நடுக்கடலில் இஞ்சின் நின்றுவிடுகிறது, கையில் சரியான உதிரிப்பாகம் இல்லை. இருக்கிற கம்பியையும் ரப்பர்த் துண்டையும் வைத்து ஏதாவது ஒரு வழி கண்டுபிடிக்கிற மூளை ஒன்று. முன்பு பார்த்திராத சிக்கலை அவிழ்க்கும் அதைத் திரவ நுண்ணறிவு என்றார் கட்டெல். கச்சான் காற்று அடித்தால் எந்தப் பக்கம் மீன் படும், வாடைக்கு எப்போது வள்ளத்தை மேலே இழுத்துவிட வேண்டும், தண்ணீரின் நிறம் மாறினால் வருவது சூடை மீனா கீரி மீனா என்று சொல்கிற தாத்தாவின் தேர்ச்சி மற்றது. வருடக்கணக்கில் படிந்து இறுகிய அதைப் பளிங்கு நுண்ணறிவு என்றார். முதலாவது இளவயதில் உச்சத்துக்குப் போய் மெதுவாக இறங்கும். இரண்டாவது முதுமையின் வாசல்வரை ஏறிக்கொண்டே போகும். ஜோன் கரல் 1993இல் அதுவரை வந்த 460க்கு மேற்பட்ட தரவுத் தொகுதிகளைத் திரும்ப ஆராய்ந்து, மேலே பொதுக்காரணி, நடுவில் இப்படிப்பட்ட அகன்ற ஆற்றல்கள், கீழே பல குறுகிய திறன்கள் என்று மூன்று தட்டாக அடுக்கினார். இன்றைய சோதனைகள் பல இந்த அடுக்கையே அடித்தளமாகக் கொண்டவை.

எங்கள் ஆசிரியர் பயிற்சிகளில் அதிகம் பேசப்படுவது ஹவார்ட் கார்ட்னர் 1983இல் சொன்ன பன்முக நுண்ணறிவுதான். மொழி, தருக்கம், வெளி, இசை, உடல், பிறரை அறிதல், தன்னை அறிதல் என்று ஏழு. பிறகு இயற்கையை அறிதலும் சேர்ந்தது. பாட்டும் ஆட்டமும் அறிவுதான் என்று பிள்ளைகளை நிமிர வைத்ததால் எனக்கும் அதில் பிரியம் உண்டு. ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும். அவை தனித்தனி நுண்ணறிவுகள் என்பதற்கு அளந்து பெற்ற ஆதாரம் பலமாக இல்லை. அளந்து பார்த்தவர்களுக்குப் பலவும் ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்றுதான் தெரியவந்தது.

எண்ணைத் தவறாகப் பாவித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கா ஒரு பாடம். முதலாம் உலகப் போரில் ரொபேர்ட் யேர்க்ஸ் தலைமையில் 17 லட்சம் அளவிலான படைவீரர்களைச் சோதித்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் படச் சோதனை. அதில் ஒரு படம் டெனிஸ் ஆடுகளம். என்ன குறைகிறது என்று சொல்லவேண்டும். விடை, நடுவில் வலை. அப்போதுதான் கப்பலில் வந்திறங்கிய ஏழை விவசாயி டெனிஸை எங்கே கண்டான்? சுக்கான் இல்லாத தோணியை வரைந்து அந்தச் சோதனைக்காரர்களிடம் காட்டியிருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள்? இந்தப் புள்ளிகளை வைத்து கார்ல் பிரிகம் என்பவர் 1923இல், தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று எழுதினார். 1930இல் தன் முடிவு ஆதாரமற்றது என்று அவரே வாபஸ் வாங்கினார். இடையில் 1924இல் குடிவரவைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தேவிட்டது.

சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா 1930களின் தொடக்கத்தில் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போனார். பள்ளிக்கூடம் காணாத விவசாயிகளிடம், தூர வடக்கே பனி பெய்யும் இடத்தில் கரடிகள் எல்லாம் வெள்ளை, இன்ன ஊர் தூர வடக்கே இருக்கிறது, அங்கே கரடிகள் என்ன நிறம் என்று கேட்டார். நான் அங்கே போனதில்லை, போனவரைக் கேளுங்கள் என்ற மாதிரி பதில் வந்தது. சோதனையில் அது தவறு. ஆனால் காணாததைச் சொல்ல மாட்டேன் என்கிற மனிதரை அறிவில்லாதவர் என்று எப்படிச் சொல்வது? சொற்களுக்குள்ளேயே நின்று விடை தேடுவது பள்ளிக்கூடம் பழக்குகிற ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் உள்ளவருக்குச் சோதனை சுலபம்.

பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு, 1985இல் வெளியானது, என் மனத்தை விட்டுப் போகவேயில்லை. இளநீர் விற்கிற பிள்ளையிடம் வாடிக்கையாளர் போலப் போய், இத்தனை வாங்கினால் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று கேட்டார்கள். 98 சதவீதம் சரி. அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தார்கள். 37 சதவீதம்தான் சரி. ஒரே பிள்ளை, ஒரே கணக்கு. காலையில் எங்கள் கடற்கரையில் மீன் ஏலம் போகும்போது பக்கத்தில் நிற்கிற பொடியன்களைப் பார்த்தால் இது புதினமாகத் தெரியாது. கிலோ விலையையும் பங்கையும் பிரித்து, கழிவையும் தள்ளி, வாய் திறக்கு முன்னே சொல்லிவிடுவார்கள். அவர்களில் சிலர் வகுப்பில் நெடும்பிரித்தலுக்கு முன்னால் உறைந்துபோவார்கள். கென்யாவின் கிசுமு பக்கத்தில் ரொபேர்ட் ஸ்டேர்ன்பேர்க்கும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது. மூலிகை மருந்துகளை நன்றாக அறிந்த பிள்ளைகள் பள்ளி சார்ந்த சோதனைகளில் சராசரியாகக் குறைவாகவே எடுத்தார்கள். எந்த அறிவுக்கு வீட்டார் நேரம் ஒதுக்குகிறார்களோ அது வளர்கிறது.

இதைச் சொன்னதும், அப்போ சோதனையெல்லாம் பொய்தானே என்று சிலர் கேட்பார்கள். அப்படியும் இல்லை. நுண்ணறிவுச் சோதனைப் புள்ளிக்கும் பள்ளிப் புள்ளிக்கும் உள்ள இணைபு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு, 0.5 அளவில் இருக்கிறது; முழுதாகச் சேர்ந்து போனால் அது 1. உளவியலில் இவ்வளவு பலமான தொடர்பு அடிக்கடி கிடைப்பதில்லை. ஆனால் 0.5 என்றால், அதை அதனாலேயே பெருக்கிப் பார்க்கும்போது, பிள்ளைகளுக்கு இடையில் காணும் வித்தியாசத்தில் கால்பங்கைத்தான் அது விளக்குகிறது. மிச்சம் முக்கால்பங்கில் முயற்சி, ஆசிரியர், வீடு, உடல்நலம், அன்றைய காலைச் சாப்பாடு எல்லாம் இருக்கின்றன.

பிறப்பிலேயே வருவதா, வளர்ப்பில் வருவதா? இரட்டையர் ஆய்வுகள் மரபுக்குக் கணிசமான பங்கு உண்டு என்று காட்டுகின்றன. அதை மறுப்பதில் அர்த்தமில்லை. ஆனால் அந்தப் பங்கை எப்படி வாசிப்பது என்பதற்கு ரிச்சர்ட் லெவொன்டின் சொன்ன விதை உவமையைத் தம்பலகாமத்து வயலில் வைத்துப் பாருங்கள். ஒரே மூட்டை விதைநெல்லில் ஒரு பிடியை வாய்க்கால் தண்ணீர் பாயும் நல்ல வயலிலும், இன்னொரு பிடியை உவர் நிலத்திலும் விதைக்கிறோம். ஒவ்வொரு வயலுக்குள்ளும் ஒரு பயிருக்கும் அடுத்த பயிருக்கும் உள்ள உயர வித்தியாசம் விதையால் வந்தது. இரண்டு வயலுக்கும் இடையிலான வித்தியாசம் முழுக்க மண்ணால் வந்தது. விதையைக் குறைசொல்லி என்ன பயன்?

மண் எவ்வளவு மாற்றும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. நியூசிலாந்தின் ஜேம்ஸ் ஃபிளின் 1980களில் காட்டியபடி, பல நாடுகளில் சோதனைப் புள்ளி பத்து வருடத்துக்கு மூன்று புள்ளி அளவில் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அவ்வளவு குறுகிய காலத்தில் மரபணு மாறாது. பள்ளி, சத்துணவு, சின்னக் குடும்பம், படங்களும் குறியீடுகளும் நிறைந்த வாழ்க்கை என்று சூழல்தான் மாறியது. 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வு ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவைப் பார்த்து, பள்ளியில் கூடுதலாகப் படிக்கும் ஒவ்வொரு வருடமும் 1 முதல் 5 புள்ளிவரை கூட்டுகிறது என்றது. இதை வாசித்தபோது எனக்குச் சம்பூரும் மூதூரும் நினைவுக்கு வந்தன. போரில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பள்ளி வருடங்களை இழந்த பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர்! அவர்களிடமிருந்து போனது சான்றிதழ் மட்டுமில்லை.

உப்பும் இதில் உண்டு. கர்ப்பத்திலும் குழந்தைப் பருவத்திலும் அயடீன் கடுமையாகக் குறைந்த இடங்களில் வளர்ந்த பிள்ளைகள், போதுமான அளவு கிடைத்த பிள்ளைகளைவிட 12, 13 புள்ளி குறைவாக எடுப்பதாக ஆய்வுகளின் தொகுப்புச் சொல்கிறது. இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது 1995இல் கட்டாயமாக்கப்பட்டது. எத்தனையோ ரியூசன் வகுப்புகள் செய்ய முடியாததை ஒரு கரண்டி உப்பு சத்தமில்லாமல் செய்கிறது.

தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் செய்த ஓர் ஆய்வும் உண்டு, 2013இல் வந்தது. கையில் காசில்லாத அறுவடைக்கு முந்திய நாட்களிலும், காசு வந்த பிறகும் அதே ஆட்களுக்குப் படக்கோலச் சோதனை கொடுத்தார்கள். முன்பு குறைவாக எடுத்தவர்கள் பின்பு கூடுதலாக எடுத்தார்கள். கடன் கவலையே மூளையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வேறு நாட்டில் சம்பள நாளை வைத்துச் செய்த ஆய்வில் இப்படிக் கிடைக்கவில்லை; ஆகவே முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் நவம்பர், டிசம்பர் வாடையில் கடலுக்குப் போகமுடியாமல் வீட்டில் அடுப்பு யோசனையாக இருக்கிற நாட்களில் ஒரு பிள்ளையை உட்காரவைத்துச் சோதிப்பதற்கு முன் நான் இரண்டுதரம் யோசிப்பேன்.

இனி எங்கள் புலமைப்பரிசில் பரீட்சை. இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்து மத்திய பாடசாலைகளுக்குக் கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கொண்டுவருவதற்காக வந்த ஏற்பாட்டின் வழியில் வந்தது இது. நோக்கம் நல்லது. இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. முதலாவதில் கோலங்கள், எண் தொடர்கள், உருவத்தைத் திருப்பிப் பார்ப்பது என்று நுண்ணறிவுக் கேள்விகளின் சாயல் நிறைய உண்டு. அதனால் அந்தப் புள்ளியையே பிள்ளையின் மூளை அளவு என்று ஊரில் எடுத்துக்கொள்கிறார்கள். அது பிழை. கடந்த வருட வினாத்தாள்களை இருநூறு தரம் செய்த பிள்ளையும், முதல்தரம் காண்கிற பிள்ளையும் ஒரே மண்டபத்தில் எழுதுகிறார்கள். முன்பு பார்த்திராததை அவிழ்ப்பதுதான் அந்தக் கேள்விகளின் உயிர்; மனப்பாடம் ஆனபின் அவை வேறு எதையோ அளக்கின்றன. இன்னொன்று, ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம் இருக்கலாம். பத்து வயதில் ஒரு வருடம் என்பது வாழ்ந்த காலத்தில் பத்தில் ஒன்று. நுண்ணறிவுச் சோதனை மாதக்கணக்கில் வயதைப் பார்த்தே ஒப்பிடும். வெட்டுப்புள்ளி மாவட்டத்தைப் பார்க்கிறது, பிறந்த மாதத்தைப் பார்ப்பதில்லை.

முறையான சோதனை எப்போது வேண்டும்? ஒரு பிள்ளை பேச்சிலும், அன்றாட வேலைகளிலும், படிப்பிலும் தன் வயதுக்காரரைவிட மிகவும் பின்தங்கியிருந்தால் நிச்சயமாக வேண்டும். அப்போதும் 70 என்ற கோட்டை மட்டும் பார்த்து ஒரு குறைபாட்டை முடிவு செய்வதில்லை. தானாக உடுத்துவது, கடைக்குப் போய்க் காசு கொடுத்து வருவது, மற்றவர்களோடு பழகுவது எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்தப் பையனிடம் நான் சோதனை எதுவும் செய்யவில்லை. அதற்கு எனக்குத் தகுதியும் இல்லை. பத்துக் கேள்விகளைத் தாளில் கொடுத்தேன். மூன்று சரி. பிறகு அதே மாதிரி வேறு பத்தை நானே வாசித்துக் காட்டினேன். எட்டு சரி. எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்கிறான். கேள்வியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் நழுவிப் போயிருக்கிறது. தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிக்கிறான் என்பதையும் கவனித்தேன். கண் கிளினிக்குக்கு ஒருநாள் கூட்டிப்போகச் சொன்னேன்.

செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் வருகிறான். கண்ணாடி போட்டிருக்கிறான். ஒரு பக்கத்தை நிற்காமல் வாசித்துவிடுகிறான். இரண்டாம் பக்கத்தில் இன்னும் தடக்குகிறது.